ஒரே வீட்டில் மூன்று அடுப்பு: கம்ப்யூட்டர், கன்சோல், போன் மூன்றையும் சேர்ப்பது எப்படி

என் அக்கா மகன் ஒரு விளையாட்டைக் கன்சோலில் அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆடியிருந்தான். கல்லூரி விடுதிக்கு லேப்டாப்பை மட்டும்தான் கொண்டுபோக முடியும் என்பதால், கிளம்பும் முன் அதே விளையாட்டை லேப்டாப்புக்கும் தனியாகக் காசு கொடுத்து வாங்கினான். திறந்து பார்த்தால் முதல் கட்டத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது. அவன் ஆடிய அறுபது மணி நேரமும் டிவிக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சேமித்து வைத்த காசு போனதுகூட அவனுக்குப் பெரிதில்லை. ஆட்டம் போனதுதான் தாங்கவில்லை. வாங்கும் முன்பு ஐந்து நிமிடம் விசாரித்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் எதை விசாரிக்க வேண்டும், வீட்டில் இருக்கும் கருவிகளை எந்த வரிசையில் இணைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கூட்டுக்குடும்பம் பிரியும்போது முதலில் அடுப்பைத்தான் தனியாக வைப்பார்கள். கூரை ஒன்றுதான், வாசல் ஒன்றுதான், சமையல் மட்டும் தனித்தனி. நம் வீட்டுக் கருவிகளின் நிலைமையும் அதுதான். விண்டோஸ் லேப்டாப் ஒரு நிறுவனத்துடையது, போன் இன்னொன்றுடையது, கன்சோல் மூன்றாவது ஒன்றுடையது. எல்லாம் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒன்றில் இருப்பதை இன்னொன்று எடுத்துக்கொள்ளாது.

எது நகரும், எது நகராது

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள், பிறகு வரும் எல்லாம் எளிது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, ஒரு நிறுவனத்தின் கடையிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் கடைக்குப் பெரும்பாலும் நகராது. சேவ், அதாவது எதுவரை ஆடினோம் என்ற பதிவு, சில விளையாட்டுகளில் நகரும், சிலவற்றில் நகராது. படம், பாட்டு, ஆவணம் போன்ற சொந்தக் கோப்புகளை நாம் கொஞ்சம் மெனக்கெட்டால் எங்கும் கொண்டுபோகலாம். ஒரு கருவியின் திரையை இன்னொன்றுக்கு அனுப்பும் வழி ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு வகையில் கிடைக்கும்.

வாங்கியது ஏன் நகர மாட்டேன் என்கிறது? கன்சோல் பெட்டியை விற்பதில் தயாரிப்பவருக்குப் பெரிய லாபம் இல்லை. போர்ட்நைட் விளையாட்டைச் செய்யும் எபிக் நிறுவனமும் ஆப்பிளும் மோதிய வழக்கில், 2021 மே மாதம், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளை விற்பதில் தங்களுக்கு லாபம் கிடைப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே சாட்சியம் சொன்னார். காசு வருவது கடையிலிருந்து. விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் சுமார் 30 சதவீதம் கடைக்காரருக்குக் கழிவாகப் போவதுதான் நெடுநாள் வழக்கம். பக்கத்துக் கடையில் வாங்கியதைத் தன் கடையில் இலவசமாக எடுத்துத் தர யாருக்கும் மனம் வராது.

மூன்று கருவியிலும் ஒரே மென்பொருள் ஓட வேண்டும் என்ற பெரிய முயற்சியும் நடந்திருக்கிறது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, ஒரு முறை எழுதிய ஆப் கம்ப்யூட்டர், விண்டோஸ் போன், எக்ஸ்பாக்ஸ் மூன்றிலும் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. எனக்கு அந்த எண்ணம் இன்றும் பிடிக்கும். ஆனால் விண்டோஸ் போனை வாங்க ஆள் இல்லை. மூன்று கால்களில் ஒன்று ஒடிந்ததும் ஆப் எழுதுபவர்களும் விலகிப் போனார்கள். அதே நிறுவனத்தின் மைன்கிராஃப்ட் வேறொரு வழியில் போய் ஜெயித்தது. 2017 செப்டம்பரில் வந்த ஒரு புதுப்பிப்பு, போன், விண்டோஸ் 10, எக்ஸ்பாக்ஸ் மூன்றிலும் ஆடுபவர்களை ஒரே கணக்கின் கீழ் சேர்த்து ஆட வைத்தது. அடுத்த ஆண்டு நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்து சேர்ந்தது, 2019 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4. போர்ட்நைட்டில் மற்ற கன்சோல்காரர்களோடு சேர்ந்து ஆட சோனி 2018 செப்டம்பரில்தான் சம்மதித்தது. அதற்கு முன்பு ரசிகர்கள் மாதக்கணக்கில் சண்டை போட வேண்டியிருந்தது. இந்த விளையாட்டுகளில் எல்லாம் கருவிகளைச் சேர்த்துக் கட்டியது கணக்குதான். அதனால் நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: கணக்குகள்

இந்த வேலைக்கு ஒரு மாலை நேரத்தை முழுதாக ஒதுக்குங்கள். ஒரு தாளில் உங்களிடம் இருக்கும் கணக்குகளை எழுதுங்கள்: கூகுள் அல்லது ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சோனி அல்லது நிண்டெண்டோ, கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடைகளான ஸ்டீம், எபிக். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த மின்னஞ்சல், எந்த போன் எண் என்று குறியுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். எப்போதோ கைவிட்ட மின்னஞ்சலிலும், வேறு யாருக்கோ போய்விட்ட சிம் எண்ணிலும் கணக்கு தொங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் இப்போது பயன்பாட்டில் உள்ள ஒரே மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள்.

பிறகு, கடவுச்சொற்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் போடுங்கள். பிட்வார்டன் எல்லா வகைக் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஓடும், இலவசமாகவே போதுமானது கிடைக்கும். கன்சோலில் கண்ட்ரோலரை வைத்துக்கொண்டு நீளமான கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகத் தேடி அடிப்பது கொடுமை. அதற்கும் வழி உண்டு: இப்போதைய கன்சோல்களில் உள்நுழையும் இடத்தில் ஒரு கியூஆர் குறியீடு வரும், போனால் ஸ்கேன் செய்தால் போதும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். அப்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு, ஆதார் வைக்கும் கோப்பிலேயே வையுங்கள். போன் தொலைந்தால் அதற்குள் இருந்த குறியீடும் தொலைந்துவிடும்.

நாடு என்ற கட்டத்தில் கவனம் தேவை. பிளேஸ்டேஷன் கணக்கில் தொடக்கத்தில் எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தீர்களோ, அதைப் பிறகு மாற்ற முடியாது. சென்னையில் தொடங்கிய கணக்கோடு டொரண்டோவுக்கோ சிங்கப்பூருக்கோ குடிபோனவர்கள், அங்கே வாங்கிய பரிசு அட்டை தங்கள் கணக்கில் ஏறாமல் தவிப்பது இதனால்தான். வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைக்குக் கணக்கு தொடங்குகிறீர்கள் என்றால், எந்த நாட்டில் நெடுநாள் இருப்பார் என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்தப் படியில் கடைசி வேலை, இணைப்பு. பல விளையாட்டுகளுக்குத் தயாரிப்பாளரின் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கும். போர்ட்நைட்டுக்கு எபிக் கணக்கு, மைன்கிராஃப்ட்டுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு என்று. கன்சோல் கணக்கை அதோடு இணைத்தால்தான் ஆட்டம் கருவி விட்டுக் கருவி வரும். அவசரப்பட்டு இணைக்காதீர்கள். நிறைய ஆடிய கணக்கு எது என்று பார்த்து, அதோடு இணையுங்கள். புதிதாக ஒரு வெற்றுக் கணக்கைத் தொடங்கி அதோடு இணைத்துவிட்டால், பிரித்துத் திரும்பச் சேர்ப்பது பெரிய பாடு.

இரண்டாம் படி: வாங்கும் முன் மூன்று கேள்வி

என் அக்கா மகன் கேட்காமல் விட்டவை இவை. ஒரு முறை வாங்கினால் இன்னொரு கருவியிலும் கிடைக்குமா? என் சேவ் அங்கே வருமா? வேறு கருவியில் ஆடும் நண்பரோடு சேர்ந்து ஆட முடியுமா? மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கு ஆமாம் என்றால் மற்றதற்கும் ஆமாம் என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

மைன்கிராஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். மூன்றாவது கேள்விக்குப் பதில் ஆமாம், போனில் இருப்பவரும் ஸ்விட்சில் இருப்பவரும் சேர்ந்து ஆடலாம். ஆனால் போனில் வாங்கியது எக்ஸ்பாக்ஸில் கிடைக்காது, இரண்டு கடையிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். போனில் நீங்கள் கட்டிய உலகம் அந்தப் போனிலேயே இருக்கும். ரெல்ம்ஸ் என்ற மாதச் சந்தா கட்டி அதில் ஏற்றினால்தான் எல்லாக் கருவியிலிருந்தும் அதே உலகத்துக்குள் போகலாம். அதோடு, கம்ப்யூட்டரில் மட்டும் ஜாவா பதிப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் ஆடுபவர் போன்காரரோடு நேரடியாகச் சேர முடியாது. 2022 ஜூன் முதல் கம்ப்யூட்டருக்கு ஜாவா, பெட்ராக் என்ற இரண்டு பதிப்பும் ஒரே பொதியாக வருகின்றன. தம்பி தங்கைகளோடு ஆட வேண்டுமென்றால் பெட்ராக் என்று எழுதியிருப்பதைத் திறங்கள்.

முதல் இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்று சொல்லும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் பிளே எனிவேர் என்ற முத்திரை உள்ள விளையாட்டை மைக்ரோசாஃப்ட் கடையில் ஒரு முறை வாங்கினால் கன்சோலிலும் விண்டோஸிலும் ஆடலாம், சேவும் கூடவே வரும். 2016 செப்டம்பரிலிருந்து இது நடப்பில் உள்ளது. டிஸ்க்காக வாங்கினால் இது பொருந்தாது. ஸ்டீமில் வாங்கினாலும் பொருந்தாது. ஸ்டீமில் வாங்கியது விண்டோஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும், 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியிலும் கிடைக்கும். விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைக்கும் புரோட்டான் என்ற அடுக்கு 2018இல் வந்ததால்தான் இது சாத்தியமானது. எல்லா விளையாட்டும் ஓடாது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள் கூடவே வரும் சில பெரிய இணைய விளையாட்டுகள் லினக்ஸில் திறக்க மறுக்கும்.

மூன்றாம் படி: சேவ் எங்கே இருக்கிறது?

எக்ஸ்பாக்ஸ் சேவ்களை இலவசமாகவே கிளவுடில், அதாவது நிறுவனத்தின் இணையச் சேமிப்பிடத்தில், ஏற்றிவிடும். பிளேஸ்டேஷனில் அதற்குப் பிளஸ் சந்தா வேண்டும், ஸ்விட்சில் ஆன்லைன் சந்தா வேண்டும். ஸ்விட்சில் சந்தா இருந்தாலும் கிளவுடில் ஏறாத விளையாட்டுகள் சில உண்டு. பிஎஸ்4 விளையாட்டின் சேவ் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வைக்கலாம், பிஎஸ்5 விளையாட்டின் சேவ் கோப்பை அப்படி எடுக்க முடியாது. சந்தா கட்டாத பிஎஸ்5 பழுதானால் சேவும் அதோடு போகும் என்று தெரிந்தே ஆடுங்கள். ஸ்டீமில் கிளவுட் வசதியைத் தருவது விளையாட்டைச் செய்தவரின் விருப்பம். ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் கிளவுட் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த எல்லாக் கிளவுடுக்கும் பொதுவான ஒரு பழக்கம் வேண்டும். ஒரு கருவியில் ஆடி முடித்ததும் விளையாட்டை முழுதாக மூடி, அது ஏற்றி முடிக்க ஒரு நிமிடம் கொடுங்கள். அப்படியே லேப்டாப்பை மடக்கிவிட்டு இன்னொன்றில் திறந்தால், எந்தச் சேவ் வேண்டும் என்று கேட்டு ஒரு பெட்டி வரும். அப்போது தேதியையும் நேரத்தையும் பார்க்காமல் எதையும் அழுத்தாதீர்கள். தப்பானதை அழுத்தினால் புதியதன் மேல் பழையது ஏறிவிடும்.

நான்காம் படி: போனையும் கம்ப்யூட்டரையும் பேச வைப்பது

விண்டோஸில் போன் லிங்க் என்ற ஆப் ஏற்கெனவே இருக்கும், ஆண்ட்ராய்டு போனோடு நன்றாகப் பழகும். ஆனால் நான் புதியவர்களுக்குச் சொல்வது கேடிஇ கனெக்ட். இலவசம், திறந்த மூலம், விளம்பரம் கிடையாது. 2013இல் கூகுளின் கோடைக்கால மாணவர் திட்டத்தில் உருவானது. லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். போனில் காப்பி செய்ததைக் கம்ப்யூட்டரில் ஒட்டலாம், கோப்பு அனுப்பலாம், போன் திரையைத் தொட்டு டிவியோடு இணைத்த கம்ப்யூட்டரின் மவுஸை நகர்த்தலாம்.

இரண்டிலும் நிறுவி, இரண்டையும் ஒரே வைஃபையில் வையுங்கள். போனில் கம்ப்யூட்டரின் பெயர் தெரியும். அதைத் தொட்டு இணைக்கக் கேளுங்கள், கம்ப்யூட்டரில் சம்மதம் கொடுங்கள். இரண்டு திரையிலும் ஒரே சரிபார்ப்புக் குறியீடு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது.

பெயரே தெரியவில்லையா? பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். விண்டோஸ் உங்கள் வீட்டு வைஃபையைப் பொது நெட்வொர்க் என்று குறித்து வைத்திருக்கும், அதைத் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்றுங்கள். கம்ப்யூட்டரின் பாதுகாப்புக் காவலான ஃபயர்வால் தடுக்கும், அதில் 1714 முதல் 1764 வரையிலான போர்ட்டுகளை, அதாவது தரவு நுழையும் வாசல்களை, திறந்துவிடுங்கள். அல்லது ரவுட்டரில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாத தடுப்பு போட்டிருக்கும். விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருந்தால் இதுதான் நடக்கும். விடுதி வைஃபையில் இந்தத் தடுப்பு அநேகமாக எப்போதும் இருக்கும். அங்கே போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேர்த்துக்கொண்டால் ஓடிவிடும். அடுத்து வரும் எல்லாவற்றிலும் இதே மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும் என்பதால் நினைவில் வையுங்கள்.

ஐபோனில் ஒரு வரம்பு: ஆப் பின்னணியில் போனதும் ஐஓஎஸ் அதை நிறுத்திவிடும். அனுப்பும்போது இரண்டிலும் ஆப் திறந்திருக்க வேண்டும். கோப்பு அனுப்புவது மட்டும்தான் தேவை என்றால் லோக்கல்சென்ட் என்ற ஆப் இன்னும் எளிது.

ஐந்தாம் படி: ஒரு கோப்புறை, எல்லா இடத்திலும்

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சிங்க்திங் என்று ஒரு மென்பொருள். கம்ப்யூட்டரில் ஒரு கோப்புறை, போனில் ஒரு கோப்புறை. ஒன்றில் எதைப் போட்டாலும் மற்றதிலும் வந்துவிடும். இடையில் எந்த நிறுவனத்தின் கிளவுடிலும் உங்கள் கோப்பு தங்காது. மாதச் சந்தாவும் கிடையாது.

கம்ப்யூட்டரில் நிறுவியதும் உலாவியில் 127.0.0.1:8384 என்ற முகவரியைத் திறங்கள், அதன் கட்டுப்பாட்டுப் பக்கம் வரும். ஆண்ட்ராய்டில் இதன் அதிகாரப்பூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. அதிலிருந்து கிளைத்த சிங்க்திங்-ஃபோர்க் என்பதைத்தான் இப்போது போட வேண்டும். ஐபோனில் மோபியஸ் சிங்க் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நீளமான அடையாள எண் உண்டு. கம்ப்யூட்டரில் அதைக் கியூஆராகக் காட்டச் சொல்லி, போனால் ஸ்கேன் செய்து, இரண்டு பக்கமும் சம்மதம் கொடுங்கள். பிறகு ஒரு கோப்புறையைப் பகிருங்கள், மறுபக்கம் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கும்.

செய்தே ஆக வேண்டியவை இரண்டு. போனில் பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து இந்த ஆப்பை விலக்குங்கள், இல்லாவிட்டால் போன் அதைக் கொன்றுவிடும். கோப்புறையின் அமைப்பில் ஃபைல் வெர்ஷனிங் என்பதைப் போடுங்கள். ஏனென்றால் இது நகலெடுத்துப் பாதுகாக்கும் ஏற்பாடு கிடையாது. போனில் நீங்கள் அழித்த படம் கம்ப்யூட்டரிலும் அழிந்துவிடும். வெர்ஷனிங் இருந்தால் அழிந்தது ஒரு தனி இடத்தில் காத்திருக்கும்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கலாம், எந்தச் சிக்கலும் வராது. சிக்கல் வருவது கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்றவற்றால். லினக்ஸ் அவற்றை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. அந்த ஒரு கோப்பு மட்டும் வராமல் நிற்கும், ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

சரி, விளையாட்டுச் சேவ்களையும் இப்படிக் கொண்டுபோகலாமா? கன்சோல் சேவ்களை முடியாது, அவை பூட்டப்பட்டவை. போன் விளையாட்டுகளையும் பெரும்பாலும் முடியாது. ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரு ஆப்பின் சேமிப்பிடத்தை இன்னொன்று தொட முடியாது. ஆனால் ரெட்ரோஆர்ச் இருக்கிறது. பழைய கன்சோல்களைப் போல நடிக்கும் எமுலேட்டர்கள் பலவற்றை ஒரே முகப்பில் தரும் மென்பொருள் இது. கம்ப்யூட்டர், ஆண்ட்ராய்டு, ஸ்டீம் எல்லாவற்றிலும் உண்டு. 2024 ஏப்ரலில் ஆப்பிள் எமுலேட்டர்களை அனுமதித்த பிறகு ஐபோனிலும் கிடைக்கிறது. எக்ஸ்பாக்ஸில்கூட டெவலப்பர் மோடு வழியாக ஓடும். நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் விளையாட்டுகளையும், ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தரும் புதிய விளையாட்டுகளையும் மட்டும் இதில் ஆடுங்கள்.

கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ரெட்ரோஆர்ச்சின் டைரக்டரி அமைப்புக்குப் போய், சேவ் கோப்புகளின் இடமாக சிங்க்திங் கோப்புறையைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எமுலேட்டர் கோர், அதாவது அந்தப் பழைய கன்சோலாக நடிக்கும் பகுதி, இருக்கட்டும். விளையாட்டுக்குள்ளேயே சேவ் செய்வது எஸ்ஆர்எம் என்று முடியும் சிறு கோப்பாக எழுதப்படும். இது கருவி மாறினாலும் நன்றாகத் திறக்கும். சேவ் ஸ்டேட் என்பது வேறு, அந்த நொடியின் நிலையை அப்படியே உறைய வைப்பது. கோரின் பதிப்பு கொஞ்சம் மாறினாலும் அது திறக்காமல் போகலாம். அதனால் கருவி மாறும் முன் விளையாட்டுக்குள் சேவ் செய்துவிட்டு, ஆட்டத்தைச் சரியாக மூடிவிட்டு வெளியே வாருங்கள். பேருந்தில் போனில் ஆடி, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் அதே இடத்திலிருந்து தொடர்வது எவ்வளவு சுகம் என்று ஒரு முறை செய்து பார்த்தால் தெரியும்.

ஆறாம் படி: திரையை அனுப்புதல்

மேலே எதுவும் நடக்காத விளையாட்டுக்கும் இந்த வழி இருக்கிறது. விளையாட்டு அதன் சொந்தக் கருவியிலேயே ஓடட்டும். படத்தை மட்டும் போனுக்கு அனுப்பி, போனிலிருந்து விரலின் அசைவைத் திருப்பி அனுப்புவது. சேவ் நகர வேண்டியதே இல்லை.

பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரிமோட் பிளே என்று போய் அதை இயக்குங்கள். போனிலோ லேப்டாப்பிலோ பிஎஸ் ரிமோட் பிளே ஆப்பைப் போட்டு அதே கணக்கில் உள்நுழையுங்கள். குறைந்தது 5 எம்பிபிஎஸ் இணைப்பு வேண்டும், 15 இருந்தால் நல்லது என்பது சோனி சொல்லும் கணக்கு. விடுதியிலிருந்து ஆட நினைத்தால் கன்சோலின் ஓய்வு நிலை அமைப்பில் நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதியையும் போட்டுவிடுங்கள். அக்கா மகன் இப்போது இப்படித்தான் ஆடுகிறான், அறுபது மணி நேரமும் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. எக்ஸ்பாக்ஸிலும் ரிமோட் பிளே உண்டு, அமைப்பில் ரிமோட் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் இருக்கும். ஸ்விட்சில் இந்த வசதியே கிடையாது.

கம்ப்யூட்டரிலிருந்து அனுப்ப, ஸ்டீம் விளையாட்டு மட்டும் என்றால் ஸ்டீம் லிங்க் ஆப் போதும். முழுத் திரையும் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் சன்ஷைன், போனில் மூன்லைட் என்ற இரண்டு மென்பொருள்கள். சூரியனிடமிருந்து ஒளி வாங்கும் நிலா, பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. சன்ஷைனை நிறுவியதும் உலாவியில் அதன் பக்கம் 47990 என்ற போர்ட்டில் திறக்கும். பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று வரும். சான்றிதழை உங்கள் கம்ப்யூட்டர் தானே செய்துகொண்டதால் வருவது அது, இந்த ஒரு இடத்தில் தாண்டிப் போகலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். மூன்லைட்டைத் திறந்தால் கம்ப்யூட்டர் தெரியும், தொட்டால் நான்கு இலக்கப் பின் எண் காட்டும், அதைச் சன்ஷைன் பக்கத்தில் அடியுங்கள்.

படம் தடுமாறினால் இணைய வேகத்தைக் கூட்டக் காசு செலவழிக்காதீர்கள். வீட்டுக்குள் அனுப்பும்போது இணைய வேகத்துக்கு வேலையே இல்லை, ரவுட்டருக்கும் கருவிக்கும் இடையிலான தொடர்புதான் முக்கியம். கம்ப்யூட்டரையோ கன்சோலையோ லேன் கேபிளால் ரவுட்டரோடு இணையுங்கள். போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வையுங்கள். இந்த இரண்டு மாற்றத்திலேயே பாதிக்கு மேல் சரியாகிவிடும். மூன்லைட்டில் முதலில் 720பி, 10 எம்பிபிஎஸ் என்று வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். வெளியூரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வர வேண்டுமென்றால் ரவுட்டரில் போர்ட்டுகளை உலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். டெயில்ஸ்கேல் போன்ற, உங்கள் கருவிகளுக்கு மட்டுமான ஒரு தனிப் பாதையை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோலரும் பென் டிரைவும்

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், கன்சோலோடு வந்த கண்ட்ரோலர் போனிலும் கம்ப்யூட்டரிலும் புளூடூத்தில் சேரும். பிஎஸ்5 கண்ட்ரோலரில் கிரியேட் பொத்தானையும் பிஎஸ் பொத்தானையும் சேர்த்து, விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் மேலே உள்ள சிறு இணைப்புப் பொத்தான். 2013இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலர்களில் புளூடூத் கிடையாது, அதைக் கேபிளில் இணைக்கலாம். பழைய கண்ட்ரோலர் வாங்கப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது முன்பக்க உடலோடு ஒரே துண்டாக இருந்தால் புளூடூத் உண்டு. மேலே உள்ள பளபளப்பான துண்டின் தொடர்ச்சியாக இருந்தால் இல்லை. பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் கன்சோல் ஏற்காது. நிண்டெண்டோவில் ஏ, பி பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், முதல் சில நாள் விரல் குழம்பும்.

பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. என்டிஎஃப்எஸ் என்றால் பிளேஸ்டேஷன் படிக்காது. இன்னொன்று, வெளி ஹார்ட் டிஸ்கைக் கன்சோலில் செருகியதும் விளையாட்டுகளுக்காகப் பார்மட் செய்யவா என்று கேட்கும். அதற்குள் குடும்பப் படங்கள் இருந்தால் வேண்டாம் என்று அழுத்திவிட்டு உடனே கழற்றுங்கள். சரி என்று அழுத்தினால் உள்ளே இருந்தது அத்தனையும் அழிந்து, பிறகு அந்த டிஸ்கைக் கம்ப்யூட்டரும் படிக்காது.

கன்சோலில் எடுத்த படத்தைப் போனுக்குக் கொண்டுவர பென் டிரைவே தேவையில்லை. பிஎஸ் ஆப்பிலும் எக்ஸ்பாக்ஸ் ஆப்பிலும் அவை வந்துவிடும். ஸ்விட்ச் ஒரு கியூஆர் காட்டும், ஒரு தடவைக்குப் பத்துப் படம்வரை போனுக்கு இறக்கலாம்.

ஒரு கருவியை விற்கும் முன்

இவ்வளவு தூரம் சேர்த்த பிறகு, ஒன்றை விற்பதாக இருந்தால் அதே கவனத்தோடு வரிசையாகப் பிரிக்க வேண்டும். முதலில் சேவ்கள் கிளவுடில் ஏறிவிட்டனவா என்று விளையாட்டு விளையாட்டாகப் பாருங்கள். பிஎஸ்5இல் கன்சோல் ஷேரிங் என்ற அமைப்பையும், எக்ஸ்பாக்ஸில் வீட்டு எக்ஸ்பாக்ஸ் என்ற அமைப்பையும் அணையுங்கள். விட்டுவிட்டால் புதுக் கன்சோலில் அதைப் போடும்போது சிக்கல் வரலாம். கேடிஇ கனெக்டிலும் சிங்க்திங்கிலும் மூன்லைட்டிலும் அந்தக் கருவியை மற்ற பக்கத்திலிருந்தும் நீக்குங்கள். போனாக இருந்தால், இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஆப்பைப் புதுப் போனுக்கு மாற்றி, ஒரு கணக்கிலாவது வெளியேறி உள்நுழைந்து பார்த்து, வேலை செய்கிறது என்று உறுதியான பிறகுதான் பழையதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப வேண்டும். தாளில் எழுதிய மீட்புக் குறியீடுகள் அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.